சான் ஸ்டார்முக்கு மறுபடி மஞ்சள்: ஃபைபர் காருக்குப் பெயிண்ட் அடித்த செலவுக் கணக்கு

பழைய காருக்கு முழுப் பெயிண்ட் அடிக்க என்ன ஆகும் என்று கோயம்புத்தூரில் விசாரித்தால் 35,000 ரூபாய் என்றும் சொல்வார்கள், மூன்று லட்சம் என்றும் சொல்வார்கள். ஒரே காருக்கு, ஒரே நிறத்துக்கு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதல் ஆள் மேலே விழப்போகும் நிறத்துக்கு விலை சொல்கிறார். இரண்டாவது ஆள் நிறம் விழுவதற்கு முன்னால் அந்த உடம்பில் எத்தனை கைவேலை இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறார். இந்த வித்தியாசம் எந்த பழைய காருக்கும் உண்டு. என் காருக்கு அது இன்னும் அதிகம். காரணம், அது தகரம் கிடையாது, ஃபைபர்: கண்ணாடி நாரை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து இறுக்கிய உடம்பு.

கார் சான் ஸ்டார்ம். 1990களின் கடைசியில் சான் மோட்டார்ஸ் கொண்டுவந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ரெனோவின் 1,149 சிசி பெட்ரோல் எஞ்சின், முன்சக்கர இழுவை, கழற்றி வைக்கக்கூடிய மேல்கூரை. சக்தி என்று பார்த்தால் இன்றைய சாதாரண ஹேட்ச்பேக்கே இதை முந்திவிடும். ஆனால் வண்டி எடை குறைவு, தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுவது, தலைக்கு மேலே வானம். அந்த சுகம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. மிகக் குறைவாகவே விற்பனையான வண்டி என்பதால் உதிரி பாகம் என்று கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் திருப்பிக் கேட்பார்.

நான் வாங்கியபோதே அதன் மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது. கையால் தேய்த்தால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். கதவு கீல் பக்கமும் பூட்டைச் சுற்றியும் நட்சத்திரம் மாதிரி கீறல்கள் கிளம்பியிருந்தன. பானெட்டில் ஏற்கெனவே யாரோ அடித்த மஞ்சள் ஒரு சாயல், பின்பக்கம் இன்னொரு சாயல்.

நிறத்தை மாற்றலாமா என்ற பேச்சை முதலிலேயே முடித்துவிட்டேன். ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் திருத்தவேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், நிறம் மாறினால் கதவின் உள்விளிம்பு, டிக்கியின் உள்ளே, எஞ்சின் அறை எல்லாவற்றையும் அடித்தாக வேண்டும். அதே நிறம் என்றால் உள்பக்கத்தை மெருகேற்றி விட்டுவிடலாம். அந்த ஒரு முடிவிலேயே கணிசமான கூலி மிச்சம். பெயிண்டுக்குப் பதில் வினைல் ஒட்டலாமே என்றும் சிலர் சொன்னார்கள். கீறல் விழுந்த பரப்பின் மேல் வினைல் ஒட்டினால் அடியில் இருப்பது அத்தனையும் மேலே தெரியும். அடியில் உரிந்துகொண்டிருக்கும் பழைய பெயிண்ட், பின்னால் வினைலை எடுக்கும்போது அதோடேயே வந்துவிடும். நல்ல பெயிண்டின் மேல் ஒட்டத்தான் அது.

35,000 சொன்ன பட்டறையில் திட்டம் எளிமையானது: பழைய பெயிண்டின் மேல் வாட்டர் பேப்பர் தேய்ப்பது, கீறலில் பட்டி போடுவது, ஒரு பிரைமர், மேலே நிறம். தகரக் காரை விற்பதற்காக அடிப்பதென்றால் அது நியாயமான வேலைதான். நான் கடைசியில் வேலையைக் கொடுத்த பெயிண்டர் அண்ணன் காரைச் சுற்றி வந்து, ஒரு துணியில் தின்னர் தொட்டு பானெட்டில் ஒரு மூலையில் அழுத்தித் துடைத்தார். துணி முழுக்க மஞ்சள். பின்பக்கம் துடைத்தார். துணியில் ஒன்றும் இல்லை.

"பாருங்க தம்பி, முன்னாடி அடிச்சது பழைய என்.சி. பெயிண்டுங்க. பின்னாடி கம்பெனி அடிச்சது. இந்த என்.சி. மேல நாம 2கே அடிச்சம்னா அடியில இருக்கறது பொங்கி எந்திரிச்சுரும். எல்லாத்தையும் எடுத்துரோணுமுங்க."

பழைய கார் வாங்கியவர்கள் யாராக இருந்தாலும், விலை பேசுவதற்கு முன் இந்தத் தின்னர் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். என்.சி. என்கிற நைட்ரோ செல்லுலோஸ் வகைப் பெயிண்ட் காய்ந்த பிறகும் தின்னரில் கரையும். இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே வகை, முழுசாக இறுகிய பிறகு அசையாது. கரைகிற பெயிண்டின் மேல் 2கே அடித்தால் அதிலுள்ள தின்னர் அடியில் இறங்கி, பழைய அடுக்கு சுருங்கி எழும்பும். அப்போது புதுப் பெயிண்டோடு சேர்த்து எல்லாவற்றையும் சுரண்டவேண்டும், அதாவது இரட்டைச் செலவு.

எல்லாவற்றையும் எடுக்கவேண்டும் என்பது ஒரு வாக்கியம். செலவில் அதுதான் பெரிய கூறுகளில் ஒன்று. தகரக் கார் என்றால் பெயிண்ட் ரிமூவர் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, வழித்து எடுத்துவிடுவார்கள். ஃபைபரில் அது கூடாது. ரிமூவர் பெயிண்டைத் தின்பதோடு நிற்காமல் அடியில் ஃபைபரின் வெளித்தோலாக இருக்கும் ஜெல்கோட்டையும் ரெசினையும் மென்மையாக்கிவிடும். உள்ளே ஊறிய ரசாயனம் பின்னால் புதுப் பெயிண்டைக் கொப்பளமாகத் தள்ளும். மணல் பீய்ச்சுவதும் ஆகாது, நார் வெளியே வந்துவிடும். மிஞ்சுவது கை. அகலமான பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டினால் ஒட்டாத பழைய பெயிண்ட் பட்டை பட்டையாக வருகிறது. ஒட்டியிருப்பதை 80ஆம் நம்பர் பேப்பரில் ஆரம்பித்து, ஜெல்கோட் தெரிய ஆரம்பித்ததும் 120க்கும் 180க்கும் மாறித் தேய்க்கவேண்டும். மிஷின் பிடிக்கலாம், ஆனால் விளிம்புகளில் பிடிக்கக்கூடாது. ஒரு நொடியில் ஜெல்கோட் போய் நார் தெரியும்.

இன்னொரு விதி: ஃபைபர் வெறுமையாக இருக்கும் கட்டத்தில் தண்ணீர் போட்டுத் தேய்க்கக்கூடாது. நார் வழியே ஈரம் உள்ளே போய், பெயிண்டின் அடியில் மாட்டிக்கொண்டு, வெயிலில் ஆவியாகிக் கொப்பளிக்கும். பிரைமர் ஏறும் வரை உலர் தேய்ப்புதான். அதன் விலையைத் தேய்க்கிறவர்கள் கொடுக்கிறார்கள். கண்ணாடித் தூள் கை முழுக்க அரிக்கும். மூச்சில் போனால் அரிப்போடு நிற்காது. எங்கள் பட்டறைகளில் முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு முடியவில்லை. தூசி வடிகட்டும் நல்ல மாஸ்க்குகளும் முழுக்கை உடுப்பும் நானே வாங்கிக் கொடுத்தேன். வேலை கொடுக்கிறவர் பில்லில் இதைத் தன் செலவாக எடுத்துக்கொள்வதுதான் முறை. ஒரு மாஸ்க்கின் விலை, ஒரு லிட்டர் நிறத்தின் விலையில் சிறு பகுதி.

பெயிண்ட் போனதும் உடம்பின் உண்மை நிலை தெரிந்தது. அங்கேதான் ஃபைபர் ஆளின் வேலை ஆரம்பம். இந்த ஊரில் அந்த வகையில் நமக்குக் கொடுப்பினை உண்டு. எஸ். கரிவரதன் இங்கே உட்கார்ந்து ஃபார்முலா பந்தயக் கார்கள் கட்டியவர். செட்டிபாளையத்தில் உள்ள பந்தய ஓடுதளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பந்தய வண்டிகளின் மேலுடம்பு ஃபைபர்தான் என்பதால் மோல்டு, மேட் (கண்ணாடி நார் விரிப்பு), ரெசின் பழகிய கைகள் இங்கே கிடைக்கும். பெயிண்டரையே ஃபைபர் வேலையும் செய்யச் சொல்லாமல், இரண்டையும் தனித்தனி ஆளிடம் பிரித்துக் கொடுத்தேன். பெயிண்டருக்குத் தெரிந்த மருந்து பட்டி. கீறலுக்குப் பட்டி மருந்தாகாது.

அந்த நட்சத்திரக் கீறல்கள் ஏன் வருகின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஜெல்கோட் கெட்டியானது, ஆனால் வளையாது. அதன் பின்னாலுள்ள நார் அடுக்கு கொஞ்சம் வளையும். கதவு கீலில் ஆட்டம் விழுந்து, ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் அந்த இடம் நெளிந்தால், நார் தாங்கிக்கொள்ளும், ஜெல்கோட் வெடிக்கும். மேலே பட்டி போட்டு மூடினால் நெளிவு அப்படியேதான் இருக்கிறது. பட்டி இன்னும் வேகமாக வெடிக்கும். 35,000 ரூபாய் பெயிண்டுகள் ஒரு கோடைக்குள் முகத்தைக் காட்டிவிடுவது இதனால்தான்.

ஆகவே முதல் வேலை கீல். ஃபைபர் ஆள் கதவைக் கழற்றி, கீல் புஷ்ஷைக் கடைசலில் புதிதாகப் போட்டு, கதவு தொங்காமல் உட்கார்ந்த பிறகுதான் கீறலைத் தொட்டார். சின்ன கிரைண்டரில் ஒவ்வொரு கீறலையும் அதன் முனை வரை தோண்டினார். கண்ணுக்குத் தெரிந்த முனைக்கு அப்பாலும் கொஞ்சம் போகவேண்டும், இல்லையென்றால் அங்கிருந்து மறுபடி கிளம்பும். தோண்டிய பள்ளம் செங்குத்தாக இருக்கக்கூடாது. இரண்டு பக்கமும் நீண்ட சரிவாக இருந்தால்தான் புது அடுக்கு பழையதைப் பிடிக்கும். ஆழமான இடங்களில் பின்பக்கம் இருந்து மேட் வைத்து ரெசின் ஊற்றி, உருளையால் காற்றை வெளியேற்றி, இறுகிய பிறகு முன்பக்கம் நிரப்பினார். பிறகு கதவைத் திரும்ப மாட்டி, பல தடவை ஓங்கிச் சாத்திப் பார்த்தோம்.

வீட்டில் தாமே முயல நினைப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பாலியெஸ்டர் ரெசின் இறுக இரண்டு திரவங்கள் தேவை: ஊதா நிறத்தில் வரும் கோபால்ட், தண்ணீர் மாதிரி இருக்கும் கேட்டலிஸ்ட். முதலில் கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது.

ரெசின் வேலை முடிந்த உடம்பை உடனே பெயிண்டருக்கு அனுப்பவில்லை. நிழலிலும் வெயிலிலும் மாறி மாறி நிற்கவிட்டோம். புது ரெசின் வெளியிலிருந்து பார்க்க இறுகியிருந்தாலும் உள்ளே இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும். அது சுருங்கி முடிவதற்குள் மேலே பெயிண்ட் ஏறினால், ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரம் கோடாகவும், மேட் நாரின் தடம் நிழலாகவும் நிறத்தில் தெரியும். பட்டறைக்கு வண்டி இடத்தை அடைத்து நிற்பது நஷ்டம். அதனால் இந்தக் காத்திருப்பை யாரும் தாமாகத் தரமாட்டார்கள். வீட்டில் நிறுத்திக்கொள்ள இடமிருந்தால் நாமே எடுத்துக்கொள்ளவேண்டும்.

பிறகு எப்பாக்ஸி பிரைமர். வெறும் ஃபைபரில் ஊசிமுனை ஓட்டைகள் ஏராளம். எப்பாக்ஸி அதை அடைத்து ஈரத்தையும் தடுக்கிறது. அதன் மேல் கனமான சர்ஃபேசர், தேய்த்துச் சமன்செய்வதற்கான பூச்சு. பிறகு கறுப்புத் தூளை மெல்லியதாகத் தடவி, நீளமான கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்ப்பது. மேடு உடனே வெளுக்கிறது, பள்ளத்தில் கறுப்பு நிற்கிறது. ஸ்டார்மின் பக்கவாட்டில் வளைவு நிறைய. மோல்டிலிருந்து வந்தபோதே அலை இருந்திருக்கிறது என்பது இந்தக் கறுப்பில்தான் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெல்லிய பட்டி, மறுபடி சர்ஃபேசர், மறுபடி கறுப்பு, மறுபடி கட்டை. மணலில் சலித்தெடுக்கும் பொன் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நேர்கோடு கிடைக்கிறது. இந்தக் கட்டத்தில் ஆளை அவசரப்படுத்தினால் மிச்சமெல்லாம் வீண். பெயிண்டருக்கு தினக்கூலி பேசாமல் இந்தக் கட்டத்தை மொத்தமாகப் பேசினேன். பக்கவாட்டில் ட்யூப்லைட் பிரதிபலிப்பு உடையாமல் ஓடினால்தான் முடிந்தது என்று நிபந்தனை. அவர் அதை மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார். நல்ல வேலைக்காரருக்கு எதைப் பார்த்து முடிவுசெய்வோம் என்று முன்பே தெரிந்தால் பிடிக்கும்.

நிறத்துக்கு வருவோம். மஞ்சளும் சிவப்பும் விலை கூடிய நிறங்கள். அடியில் இருப்பதை மறைக்கும் சக்தி மஞ்சளுக்குக் குறைவு. சாம்பல் பிரைமரின் மேல் நேராக அடித்தால் பச்சை வாடை அடிக்கும். அதை மறைக்க அடுக்குமேல் அடுக்கு ஏற்றி லிட்டர் லிட்டராகப் போகும். எனவே அடியில் வெள்ளை சர்ஃபேசர். அதனால் மட்டும் ஒரு லிட்டர் மஞ்சளாவது மிச்சமாகியிருக்கும். இந்த வண்டிக்கு நிறக் குறியீடு எந்தக் கடையின் கம்ப்யூட்டரிலும் இல்லை. பின் நம்பர் பிளேட்டின் அடியில் வெயில் படாத ஒரு துண்டு அசல் மஞ்சள் இருந்தது. கலவைக் கடைக்காரர் நிறம் படிக்கும் கருவியை அதன்மேல் வைத்துக் கிட்டத்தட்ட வந்தார். மிச்சத்தைக் கண்ணால் சரிசெய்தார். சோதனைத் தகட்டை வெயிலில் வைத்துப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடையின் ட்யூப்லைட்டில் எல்லா மஞ்சளும் ஒன்றுதான்.

கோவைக்காரர்களுக்குத் தெரியும், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படித் தூசியை அள்ளும் என்று. ஐப்பசி கார்த்திகையில் மழை ஈரம். சித்திரை வெயிலில் துப்பாக்கியிலிருந்து கிளம்பிய பெயிண்ட் பரப்பைத் தொடுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகும். தை, மாசிதான் நல்ல பருவம். அப்படியும் திறந்த கொட்டகையில் அடிக்கவிடவில்லை. தூசி புகாத மூடிய பெயிண்ட் அறையான பூத்தை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். பூத்தில் தகரக் காரைச் சுடும் சூட்டில் ஃபைபரைச் சுடக்கூடாது. ஓட்டைகளில் மாட்டிய காற்று விரிந்து கொப்பளம் போடும், நாரின் தடமும் மேலே எழும். சூட்டைக் குறைத்து, நேரத்தை நீட்டிக்கச் சொன்னார் அண்ணன். 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சில் போனால் ஆயுளுக்கும் ஆஸ்துமா வரலாம். பூத்தில் வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் மாஸ்க் இருந்தது. அது இருக்கிற பூத்தாகத் தேடித்தான் பிடித்தேன்.

இனி கணக்கு. லைட், பம்பர், கண்ணாடி, கூரை எல்லாம் கழற்றி மாட்டிய கூலி 18,000. பழைய பெயிண்டை எடுத்த கூலி 24,000. அதற்கான பேப்பர், பிளேடு, மாஸ்க் 5,500. ஃபைபர் வேலைக்குக் கூலி 21,000, ரெசினும் மேட்டும் மற்றதும் 6,500. எப்பாக்ஸி, சர்ஃபேசர், பட்டி 14,000. கட்டை பிடித்துத் தேய்த்ததற்கும் அடித்ததற்கும் சேர்த்து மொத்தமாகப் பேசிய கூலி 38,000. மஞ்சளும், அதன் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியரும், அவற்றின் ஹார்ட்னரும் 22,500. தின்னர், டேப், மறைப்புத் தாள் 4,500. பூத் 9,000. ரப்பர், கிளிப், போல்ட் 12,500. கடைசி மெருகு 7,000. கூட்டினால் 1,82,500 ரூபாய். ஜி.எஸ்.டி. பில் போடும் பெரிய பட்டறையில் கொடுத்திருந்தால் இதற்கு மேல் 18 சதவீதம் வரும்.

இதில் கண்ணுக்குத் தெரியும் நிறமும் கிளியரும் எட்டில் ஒரு பங்கு. கூலி மட்டும் 1,08,000. விலை குறைந்த பெயிண்ட் பிராண்டுக்கு மாறி ஐயாயிரமோ ஆறாயிரமோ மிச்சம் பிடிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மஞ்சளை வெயில் தின்பதைத் தடுப்பது அந்தக் கிளியர்தான். இத்தனை கைவேலையின் மேல் மட்டமான கிளியரை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. குறைக்க வேண்டுமென்றால் கழற்றி மாட்டும் வேலையை நாமே செய்யலாம். 18,000இல் பெரும்பகுதி அங்கே மிச்சமாகும். ஒவ்வொரு போல்டையும் பைகளில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி, கழற்றும் முன் போட்டோ எடுத்து வைக்கவேண்டும். கழற்றாமல் டேப் ஒட்டி மறைத்து அடிப்பதுதான் மலிவு விலைகளின் இன்னொரு ரகசியம். லைட்டின் ஓரத்திலும் ரப்பரின் அடியிலும் பெயிண்ட் விளிம்பு நிற்கும். அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

ரப்பருக்கு ஆன 12,500 யாருடைய விலைப்பட்டியலிலும் முதலில் இருக்காது. கதவு ரப்பரைக் கழற்றியதும் அது பொடிப் பொடியாகப் போனது. அசல் கிடைக்காது. உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் பல வண்டிகளின் ரப்பர் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்து அளந்து, குறுக்குவெட்டு ஒத்துப்போன ஒன்றை மீட்டர் கணக்கில் வாங்கினோம். மேல்கூரை சேருமிடத்து ரப்பரை மட்டும் தனியாக வார்க்கவேண்டியிருந்தது.

கிளியர் முழுசாக இறுக அவகாசம் தரவேண்டும் என்பதால் வேக்ஸ் போடவில்லை, கவர் போட்டு மூடவும் இல்லை. பறவை எச்சம் விழுந்தால் உடனே தண்ணீர் ஊற்றித் துடைக்கிறேன். மிஞ்சிய அரை லிட்டர் மஞ்சளை ஹார்ட்னர் கலக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன். கலவைச் சீட்டை டப்பாவின் மேலேயே ஒட்டியாயிற்று, போட்டோவும் இருக்கிறது. கழற்றும் கூரை இன்னும் பழைய மஞ்சளில்தான் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அதன் பின் ஓரத்தில் இரண்டு கீறல்கள் உண்டு. அதற்கு ஃபைபர் ஆள் 4,000 சொல்லியிருக்கிறார், பெயிண்டர் அண்ணன் 9,000. தை பிறந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.